சிக்கிள் செல், கூடலூர், நாலு மில்லி

ஜூன் 14

தீசிஸுக்காகக் கூடலூர் வந்தாயிற்று. மழை விடுவதாக இல்லை. சிக்கிள் செல் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய். இந்தியாவில் அது முதன்முதலில் தெரியவந்தது 1952ல், இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அதைப் படித்த அன்றே தலைப்பை முடிவு செய்துவிட்டேன். இன்று முழுக்க சொல்யூபிலிட்டி டெஸ்ட். கரைசலில் துளி ரத்தம் விட்டுக் கலக்கி, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிக்க வேண்டும். கோடு தெரிந்தால் சரி. கலங்கி மறைந்தால் உள்ளே அணுவை வளைக்கிற ஹீமோகுளோபின் எஸ் இருக்கிறது, ஆனால் நோயாளிக்கும் கலங்கும், அம்மா அப்பாவில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த ஒற்றை எஸ் மரபணுவோடு நன்றாக நடமாடுகிறவருக்கும் கலங்கும், பிரித்துச் சொல்ல ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாக அளக்கும் எச்.பி.எல்.சி. டெஸ்ட் வேண்டும்.

ஜூன் 19

ஒன்றரை வயதுப் பையன், பத்து கிலோ. புறங்கை இரண்டும் வீங்கி, விரல்கள் உருண்டு, தொட்டாலே அலறுகிறான். வேறெங்கோ பூச்சிக்கடி என்று தைலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், எரிச்சலாக வந்தது. முதல் ஆறு மாதம் கருவில் உருவான ஹீமோகுளோபின் காப்பாற்றிவிடும், அது குறைந்ததும் வளைந்த அணுக்கள் சின்ன எலும்புகளில் ரத்த ஓட்டத்தை அடைக்கும், இந்தக் குளிர் வேறு. பெற்றோர் இருவருக்கும் ஒற்றை மரபணு. நாலில் ஒன்றுக்கு வரும் என்றேன். "அப்போ அடுத்த மூணுக்கும் வராதில்ல?" என்கிறார் அம்மா. மறுபடியும் கர்ப்பம். ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சீட்டு குலுக்குவதுதான் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் ஓபி நேரமே முடிந்துவிட்டது.

ஜூன் 27

வீக்கம் வடிந்துவிட்டது. அணுக்கள் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்து ஆரம்பித்தோம், கிலோவுக்கு 20 மில்லிகிராம். அவனுக்கு வேண்டியது 200, கையில் இருப்பது 500 மில்லிகிராம் கேப்சூல். அதைத் திறந்து 10 மில்லி தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் 4 மில்லி எடுத்துக் கொடுக்க வேண்டும். கர்ப்பிணி அந்தப் பொடியைத் தொடக் கூடாது என்பதால் பாட்டிக்குக் கையுறை மாட்டிப் பழக்கினேன். "மிச்சத்த நாளைக்கு வெச்சுக்கலாமே, டாக்டரம்மா?" கூடாது பாட்டி. முகம் சுருங்கிவிட்டது, மருந்தைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்? 2023ல் தொடங்கிய தேசியத் திட்டம் ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை என்கிறது. நல்லது. டெஸ்ட் முடிந்த பிறகு வீட்டுக்குள் நடக்க வேண்டியது இது, இதை யார் சொல்லித் தருவது?

ஜூலை 8

தீசிஸ் கைடு மேடத்திடம் போனில் பேசினேன். எத்தனை பேருக்கு எஸ் என்று எண்ணுவதைவிட, பிள்ளைகளுக்கு மருந்து சரியான அளவில் போகிறதா என்று பார்க்கலாமா என்றேன். "பார்க்கலாம், ஆனா எத்திக்ஸ் கமிட்டிக்கு மறுபடி எழுதணும்" என்றார். இன்றைக்கு ராத்திரி அந்த வேலைதான். இந்த மருந்தால் வெள்ளை அணு குறையலாம், பையனுக்குக் குறையவில்லை, அதே நாலு மில்லி தொடர்கிறது.