பனை உழவாரனின் சொந்தங்கள்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு விலங்கியல் படிப்பித்த சேர், தோற்றத்தை மட்டும் வைத்து எந்த உயிரையும் வகைப்படுத்த விடமாட்டார். "எலும்பைப் பாரும் தம்பி" என்பார். மைதானத்தோரப் பனையில் ஓலை வெட்டும்போது விழுந்து செத்த, பனை உழவாரன் என்ற சின்னப் பறவை ஒன்றை ஒருநாள் ஆய்வுகூட மேசையில் வைத்துச் சிறகை விரித்தார். தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலான மேற்கை எலும்பு குட்டையாக, தடிப்பாக இருந்தது. சிறகின் நீளமெல்லாம் கைப்பகுதியில்தான். கால்களோ ஓலையைப் பற்றித் தொங்கத்தான் காணும்.

உயிர்களை வகைப்படுத்தும் முறையை வகுத்த லின்னேயஸே 1758 இல் உழவாரனைத் தகைவிலான் குருவியோடு ஒரே பேரினத்தில் வைத்தார். இரண்டும் பறந்தபடி பூச்சி பிடிப்பதால் வந்த ஒற்றுமை அது. "இதன் உண்மையான சொந்தம் அமெரிக்காவின் ஹம்மிங் பறவை, அதற்கும் இதே கையெலும்புதான்" என்று சேர் சொன்னபோது வகுப்பில் பலர் நம்பவில்லை. செவ்வரத்தையில் தேன் குடிக்கும் தேன்சிட்டு அல்லவா ஹம்மிங் பறவைக்குக் கிட்ட? இல்லை, தேன்சிட்டு காகத்தோடும் ஊர்க்குருவியோடும் சேர்ந்த கூட்டம்.

கருக்கலில் ஒழுங்கை மண்ணில் குந்தியிருக்கும் பக்கி என்ற இரவுப்பறவையை அன்றைய புத்தகங்கள் உழவாரனிலிருந்து பிரித்து வேறு வரிசையில் வைத்திருந்தன. பின்னர் மரபணு ஆய்வுகள் வந்தன. பக்கி, தவளைவாயன், உழவாரன், ஹம்மிங் பறவை எல்லாமே ஒரே மூதாதையின் வழிவந்தவை என்று இன்று ஏற்கப்படுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த செய்தி. நியூகினியிலும் அவுஸ்திரேலியாவிலும் இரவில் திரியும் ஆந்தைப்பக்கி, மற்றப் பக்கிகளைவிட உழவாரனுக்கும் ஹம்மிங் பறவைக்கும்தான் நெருக்கம். அப்படியென்றால் பகலில் பூவுக்குப் பூ பறக்கும் அந்தச் சின்னப் பறவை, இரவுப்பறவைகளின் குடும்பத்துக்குள்ளேயே கிளைத்தது! உடல் வெப்பத்தைத் தாழ்த்தி விறைத்துக் கிடக்கும் வித்தையும் இந்தக் குடும்பத்தில் பரவலாக உண்டு. ஹம்மிங் பறவை அதை ஓர் இரவுக்குச் செய்யும், வட அமெரிக்கப் பக்கி ஒன்று வாரக்கணக்கில் செய்யும்.

ஹம்மிங் பறவைகள் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளன. ஆனால் ஜேர்மனியில் கிடைத்த, ஏறத்தாழ 3 கோடி ஆண்டுப் பழமையான ஒன்றின் எச்சங்களைப் புதைபடிவ ஆய்வாளர் கெரால்ட் மாயர் 2004 இல் விவரித்தார். நீண்ட அலகு, அந்தரத்தில் நின்று பறக்க ஏற்ற தோள், குட்டை மேற்கை எல்லாம் அதற்கும் இருந்தன. சேர் இருந்திருந்தால் அந்தப் படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருப்பார்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்திடம் இரண்டு கேட்கிறேன். ஆய்வுகூடத்துக்கு வாங்கும் பொருட்களோடு பறவை எலும்புக்கூட்டு மாதிரிகளும் சேரட்டும். அப்புறம், பனை உழவாரன் காய்ந்து தொங்கும் ஓலையின் அடியில் எச்சிலால் கூட்டை ஒட்டி, முட்டையையும் அதிலேயே ஒட்டிவைக்கும். மைதானத்துப் பனைகளில் ஓலை கழிக்குமுன் ஒருதரம் அண்ணாந்து பார்க்கும்படி பள்ளிக்கு எழுதுங்கள்.