கடலுக்கு ரெண்டு காலண்டர்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலுக்கு ரெண்டு காலண்டர். சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த சங்கதி. அதிலேயே சறுக்கினேன்.

நாகர்கோவிலில் ஒரு சிறிய அலுவலகத்தில் மீன் ஏலக் கணக்குக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு வியாபாரி டீசல் காசைக் கழித்துவிட்டுப் பங்கு பிரிப்பார், இன்னொருவர் தரகை முதலில் எடுப்பார், ஒருவருக்குப் பெட்டிக் கணக்கு, இன்னொருவருக்குக் கிலோ. ஃபோல்டரைக் காப்பி எடுத்து நாலு வரி மாற்றிக் கொடுத்துவிடுவோம். பதினோரு காப்பி ஆனபோது, பைசாவை ரவுண்ட் செய்யும் இடத்தில் ஒரு பிழை. ஒன்பதில் திருத்தினோம். மீதி ரெண்டு யாருடையவை என்பது அவர்கள் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

அப்புறம் எல்லாவற்றையும் ஒரே நிரலாக்கி, வேறுபாடுகளைக் கான்ஃபிக் ஃபைலுக்கு, அதாவது நிரல் படித்து நடக்கும் ஒரு தனிக் கோப்புக்குத் தள்ளினோம். கேட்டவருக்கெல்லாம் ஒரு சுவிட்ச். ஆன்-ஆஃப் சுவிட்ச் பத்து இருந்தால் 1,024 சேர்க்கைகள். இருபது என்றால் பத்து லட்சத்தைத் தாண்டும். 33 ஆனால் உலகத்தில் ஆளுக்கொன்று கொடுத்தும் மிச்சம் வரும். எங்களிடம் 26 இருந்தன. சோதித்துப் பார்த்தது அந்தப் பதினோரு வியாபாரிகளின் சேர்க்கைகளை மட்டும்.

பன்னிரண்டாவது ஆள் சின்னமுட்டத்துக்காரர். மே மாதம் போய் நிறுவினோம். சோதனை பில் அழகாக வந்தது. வந்திருக்கவே கூடாது. தடைக்காலத்தில் எங்கள் நிரல் பில் போட விடாது, அன்றைக்கு அங்கே தடை! எனக்கு உறைக்கவில்லை.

ஜூன் 15 இரவு போன் வந்தது. "மக்ளே, மீன் தரையில கெடக்கு. கடலுக்குப் போக கவர்மெண்டே விட்டாச்சு, ஒங்க கம்ப்யூட்டர் விடமாட்டேங்குது பாத்துக்கோ."

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று லேப்டாப்பைத் திறந்தேன். 'கடற்கரை' என்ற வரி காலியாக இருந்தது. காலி என்றால் மேற்கு. எங்கள் முதல் வாடிக்கையாளர் குளச்சல்காரர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. போனிலேயே ஒரு வார்த்தையை அடிக்கச் சொல்லி பில் போட வைத்தேன். அதற்குள் முதல் ஏலம் துண்டுச்சீட்டில் முடிந்திருந்தது.

மறுநாள் அந்த வரியையே எடுத்துவிட்டோம். கிழக்கா மேற்கா என்று கேட்பதற்குப் பதிலாக எந்தத் துறைமுகம் என்று கேட்டோம். தடைக்காலத்தை நிரலே எடுத்துக்கொள்ளும். துறைமுகம் இல்லாமல் நிரல் திறக்காது. பெட்டிக் கணக்கு வேண்டுமென்றால் பெட்டியின் எடையும் கட்டாயம். எது இருந்தால் எது வேண்டும், எதோடு எது சேராது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் மரம் மாதிரி வரைந்தோம். புதிதாக ஏதோ கண்டுபிடித்த பெருமை வேறு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் 1990-லேயே அந்த மரத்தை அறிக்கையாக வெளியிட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. வரைந்து முடித்தபோது 26 சுவிட்சில் 12 தேவையே இல்லை. ஒன்றைக் கேட்டவர் தொழிலையே விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் அதே அண்ணாச்சி மச்சானோடு கூட்டுச் சேர்ந்து முட்டத்திலும் ஏலம் எடுக்க ஆரம்பித்தார். ஒரே கடை, ஒரே கணக்கு, ஜூன் பிற்பாதியில் பாதிப் படகுக்குத் தடை. "ஒரு சுவிட்ச் போட்டுரலாம்ணே" என்றான் பக்கத்து மேசைத் தம்பி. வேண்டாம் என்றேன். துறைமுகத்தைக் கடையிலிருந்து பிரித்துப் படகோடு சேர்க்க மூன்று வாரம் ஆனது.