பம்பும் பிடிவாதமும்

ஜனவரி 14, போகி
விடியும் முன்பே தெருவில் பழைய டயரைக் கொளுத்திவிட்டார்கள். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தும் புகை வந்தது. ஐந்து மணிக்கு, ஆஸ்துமா உள்ள சின்னவனுக்கு வீசிங். இன்ஹேலர் பம்பில் ஸ்பேசர் குழாயை மாட்டி, மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்ததும் மூச்சு சீரானது, பிள்ளைதான் சீராகவில்லை. கை நடுங்குகிறது, ஓரிடத்தில் நிற்கவில்லை, அக்காவின் கோலப்பொடி டப்பாவை எட்டி உதைத்தான். அந்த மருந்து அப்படித்தான், கொஞ்ச நேரத்துக்குப் படபடப்பைக் கொடுக்கும். "செல்லம் கொடுத்துக் கெடுக்கிறே" என்றார் அத்தை. ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டு கிடந்தவன் காலையில் சிரித்துக்கொண்டா எழுந்திருப்பான்? (டயர் கொளுத்தியவர் மதியம் கரும்போடு வந்தார். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய?)

ஜனவரி 19
லீவு முடிந்து பள்ளிக்கூடம். செருப்பு மாட்டும்போதே "மூச்சு முட்டுது". முதுகில் காது வைத்துக் கேட்டேன், விசில் சத்தம் இல்லை. மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொன்னேன், வழக்கமான அளவுதான். நடிக்கிறான் என்கிறார் இவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயத்திலும் நெஞ்சு இறுகும், எட்டு வயதுப் பிள்ளைக்கு எது எதென்று பிரித்துச் சொல்லத் தெரியாது. டிசம்பரில் பி.டி. பீரியடில் மூச்சு இளைத்தபோது பம்பு மாடியில், பைக்குள் இருந்தது. "ஓரமா உட்காரு" என்றாராம் சார். அன்றிலிருந்து ஓடுவதே இல்லை. கூப்பிட வரும் பையன்களோடு வலியச் சண்டை இழுக்கிறான்.

ஜனவரி 23
டாக்டரிடம் கெட்ட கனவு, நடுராத்திரி அலறல், காரணமில்லாத அழுகை எல்லாவற்றையும் சொன்னேன். இரவு மாத்திரை எப்போது தொடங்கியது என்றுதான் முதலில் கேட்டார். ஆஸ்துமாவுக்கான அந்த மாத்திரை மாண்டிலுகாஸ்ட். சிலருக்கு இப்படி மனநிலையைப் புரட்டிப்போடும் என்று 2020 மார்ச்சிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரித்த மருந்தாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது, இவனுக்கு வேண்டாம் என்று நிறுத்தினார். உறிஞ்சும் ஸ்டீராய்டு மட்டும் தினமும் தவறக் கூடாது, அதை விட்டால் இருமல் திரும்பும், தூக்கம் போகும், மறுபடி இதே கூத்துதான்.

ஜனவரி 31
அலறல் நின்றிருக்கிறது. கோபம் முழுசாகப் போகவில்லை, மாத்திரை மட்டுமே காரணம் இல்லையே. நேற்றுத் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது கேட்டான்: "தூங்கும்போது மூச்சு நின்னுட்டா உனக்கு எப்படித் தெரியும்?" இத்தனை நாள் தூங்க அடம்பிடித்தது இதற்குத்தானா! இருமினாலே எனக்கு முழிப்பு வந்துவிடும் என்றேன். நம்பினானோ என்னவோ, தலையணையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை பி.டி. சாரைப் பார்க்க வேண்டும். பம்பு இனி அவன் டிரவுசர் பையில்தான் இருக்கும். முடியாது என்றால் தலைமையாசிரியரிடம் போகிறேன்.