ஏழா, ஒன்றா?

மிச்சிகனில் ஒரு என்ஜின் பட்டறையில் சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். 1970 மாடல் கமாரோ வைத்திருந்த ஒருவர் 383 என்ஜின் கட்டித் தரச் சொன்னார். செவ்ரோலே 350 என்ஜினின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் உள்ள இரும்பு உடலில், போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) 0.030 அங்குலம் பெரிதாக்கி, 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) உள்ள கிராங்க் தண்டைப் போட்டால் மொத்தக் கொள்ளளவு 383 கன அங்குலம் வந்துவிடும். அவருடைய பழைய பிளாக் ஒரு குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்திருந்தது. வேறு பிளாக் தேடி என்னைக் காயலான் கடைக்கு அனுப்பினார் முதலாளி.

350 பிளாக்கின் வார்ப்பு எண்களில் ஒன்றான 14010207-ஐ உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன். வார்க்கும்போதே பதியும் அந்த எண் பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் பொருந்தும் விளிம்பில், டிரைவர் பக்கம் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் கிரீஸையும் துருவையும் தேய்த்துப் படித்தேன். கடைசி எண் ஏழுதான் என்று தோன்றியது. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றிப் போரை அளக்காமல் முழு என்ஜினாகவே வாங்கி வந்துவிட்டேன்.

பட்டறையில் பிரித்துக் கழுவியதும் அந்த ஏழு ஒன்றாகிவிட்டது. 14010201 என்பது 305 கன அங்குல என்ஜினின் பிளாக். வெளியே பார்த்தால் 350-க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஸ்ட்ரோக்கும் ஒன்றே, 3.48 அங்குலம். போர் மட்டும் 4.000-க்குப் பதில் 3.736. கால் அங்குலத்துக்கு மேல் கடைந்தால் சிலிண்டர் சுவரில் என்ன மிஞ்சும்? முதலாளி திட்டவில்லை. "ஹெட்டைக் கழற்றினாயா?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

எண்ணைச் சரியாகப் படித்துவிட்டாலும் பாதி விஷயம்தான் தெரியும். 3970010 என்ற வார்ப்பு 302, 327, 350 ஆகிய மூன்று என்ஜின்களுக்கும் போனது. கிராங்க்கைத் தாங்கிப் பிடிக்கும் மெயின் கேப்புக்கு இரண்டு போல்ட்டா, நான்கா என்பது அடியிலுள்ள ஆயில் பேனை இறக்கினால்தான் தெரியும். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் நான்கு போல்ட்தான் வேண்டும். சாதாரணமாகச் சாலையில் ஓடும் வண்டிக்கு நல்ல தடிமனான சுவருள்ள இரண்டு போல்ட் பிளாக்கே போதும் என்பேன், யார் கேட்கிறார்கள்!

அப்புறம் ஆண்டு. 1980-ல் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் வலப்பக்கம் போனது, ஆயில் பேனும் அதற்கேற்றதாக வேண்டும். 1986-ல் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியது. பழைய கிராங்க்கும் ஃபிளைவீலும் அப்படியே சேராது.

அடுத்த வாரம் டார்ச், பிரஷ், போரை அளக்கும் கேஜ் எல்லாம் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். கடைக்காரரிடம் கெஞ்சி ஹெட்டைக் கழற்றினேன். 4.003. லேசான தேய்மானம், அவ்வளவுதான். கொண்டுவந்து இறக்கி, "அளந்துவிட்டேன்" என்றேன்.

"சரி" என்றார் முதலாளி. என் கையிலிருந்த கேஜை வாங்கி, எட்டு சிலிண்டரையும் அவரே ஒருமுறை அளந்தார்.