போர்டுக்கு ஒரு முறை, மென்பொருளுக்கு ஒரு முறை

"வாட்டர்ஃபாலா, அஜைலா?" எல்லாவற்றையும் முதலிலேயே தீர்மானித்துப் படிப்படியாகச் செய்வதா, சிறு சிறு சுற்றாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போவதா என்று கேட்கும் இளம் பொறியாளர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: செய்ததை மாற்ற வேண்டி வந்தால் எவ்வளவு செலவாகும்?

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் போர்வெல் மோட்டாருக்கான கன்ட்ரோலர் செய்கிறோம். ஒரே பெட்டிக்குள் சர்க்யூட் போர்டு, அதில் ஓடும் மென்பொருள். போர்டில் ரிலே என்கிற ஒரு மின் சுவிட்சைக் கொஞ்சம் நகர்த்தினாலும் லேஅவுட், புது போர்டு, மறுபடி சோதனை, சில சமயம் பெட்டியின் அச்சு வரை கை வைக்க வேண்டும். வாரக்கணக்கில் போய்விடும். அதனால் போர்டுக்கு வாட்டர்ஃபாலின் படிப்படியான முறைதான்: தேவையை எழுதி, வரைபடத்தை நாலு பேர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஆர்டர். இதைப் பழைய பாணி என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மென்பொருளின் கதை வேறு; அங்கே அஜைல். வாட்டர்ஃபாலுக்கு மூலமாக வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையைக் காட்டுவார்கள். அதே கட்டுரையில், சோதனையைக் கடைசியில் வைக்கும் இந்த வழி ஆபத்தானது என்று அவரே எழுதியிருக்கிறார்.

கிணறு வற்றினால் மோட்டார் இழுக்கும் கரன்ட் குறையும். உடனே நிறுத்த வேண்டும். தேவைப் பட்டியலில் அவ்வளவுதான் இருந்தது. வேலந்தாவளம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் முதல் பதிப்பை ஓட்டிக் காட்டினோம். தோப்புக்காரர் கேட்டார்: "நிக்கறது சரி தம்பி, ஊத்துத் தண்ணி ஏறினதும் அதுவா ஓடுமா, இல்ல ராத்திரி நான் வரணுமா?" எத்தனை நிமிடம் கழித்து மறுபடி ஓட வேண்டும் என்பதை அவரே வைத்துக்கொள்ளும் வசதி அடுத்த ஸ்பிரின்ட்டிலேயே, அதாவது அடுத்த குறுகிய வேலைச் சுற்றிலேயே, வந்துவிட்டது. ஓடும் மென்பொருள்தான் முன்னேற்றத்தின் முதல் அளவுகோல் என்று அஜைல்காரர்கள் 2001-இல் எழுதிவைத்தது இதைத்தான்.

விற்ற பிறகு வரும் புகார்களுக்கு ஸ்பிரின்ட்டும் சரிப்படாது. இடிமழை மாதத்தில் எத்தனை போர்டு கருகி வரும் என்று முன்கூட்டியே திட்டம் போட முடியுமா? அங்கே கான்பான், டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை: ஒவ்வொரு வேலைக்கும் பலகையில் ஒரு அட்டை, ஒரு கட்டத்தில் இத்தனை அட்டைதான் என்று வரம்பு. சோதனை மேஜைக்கு மேலே பலகை. 'சோதனையில்' என்ற கட்டத்தில் மூன்று அட்டைக்கு மேல் கூடாது. நாலாவது வரப் பார்த்தால், மென்பொருள் எழுதுகிறவர் எழுந்து வந்து மல்டிமீட்டரைப் பிடிக்க வேண்டும். தேக்கத்தைக் குறைத்தது இந்த ஒரு விதிதான்.

மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம், போர்டு ஆர்டர் போகும் நாள். அதற்கு முந்தைய ஸ்பிரின்ட்டில் புது வசதி எதையும் எடுப்பதில்லை. டெவலப்மென்ட் கிட் என்கிற தயார் சோதனை போர்டில், சிப்பின் ஒவ்வொரு இணைப்புக் காலையும் ஓட்டிப் பார்ப்பது மட்டுமே வேலை. அப்புறம்தான் கையெழுத்து.