மெசின் பழுது: ஓர் அச்சுக்கூட நாட்குறிப்பு

05.11.2003, புதன், யாழ்ப்பாணம்

நேற்று இரவு வானொலியில் பிபிசி தமிழோசை கேட்டுக்கொண்டிருந்த ஐயா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். பிரதமர் ரணில் அமெரிக்காவுக்குப் போன நேரம் பார்த்து, பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் மூன்று அமைச்சுகளையும் ஜனாதிபதி சந்திரிகா தன் கையில் எடுத்துவிட்டார். இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனையைப் புலிகள் கொடுத்து நாலு நாள்தான் ஆகிறது.

“பண்டாவின்ரை மோளும் ஜே.ஆரின்ரை மருமோனும்,” என்றார் ஐயா. “அப்ப பண்டா செல்வநாயகத்தாரோடை கையெழுத்து வைக்க, ஜே.ஆர் அதை எதிர்த்துக் கண்டிக்கு நடந்தார். இப்ப மருமோன் கையெழுத்து வைக்க, மோள் மறிக்கிறா.”

1957 ஆடியில், பிரதமர் பண்டாரநாயக்கா தமிழருக்குப் பிராந்திய அதிகாரம் தருவதாகத் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகத்தோடு செய்த பண்டா-செல்வா ஒப்பந்தம் வந்தபோது ஐயாவுக்குப் பதினேழு வயது. ஒப்பந்தத்தை விளக்கி இந்த ட்ரெடில் மெசினில்தான் நோட்டீஸ் அடித்தாராம். அடுத்த சித்திரையில் பிக்குகள் போய் வீட்டு வாசலில் குந்த, பண்டா அதைக் கிழித்தார். மிச்ச நோட்டீசுகளின் பின்பக்கத்தில் கடைக்கணக்கு எழுதி முடித்தார்கள்.

சந்திரிகாவை மட்டும் ஏசவும் எனக்கு வாய் வரவில்லை. 2000 ஆவணியில் அவர் கொண்டுவந்த அதிகாரப் பகிர்வு அரசியலமைப்பு வரைபை ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சிக்காரர் (ஐ.தே.க.) பாராளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். இப்போது அவர்கள் சமாதானக்காரர். ஆட்சியில் இருக்கும்போது வரும் ஞானம் எதிர்ப்பக்கம் போய் இருந்தவுடன் எங்கே போகிறதோ.

15.11.2003, சனி

யார் பொறுப்பு என்று தெரியும்வரை தங்கள் சமாதான அனுசரணை வேலையை நிறுத்தி வைக்கிறதாம் நோர்வே. பிழை சொல்ல முடியாது. இரண்டு முதலாளிமார் சண்டை பிடிக்கிற கடைக்கு நானும் கடனுக்குக் கடதாசி கொடுக்க மாட்டேன்.

09.02.2004, திங்கள்

பாராளுமன்றம் கலைந்தது. சித்திரை 2 தேர்தல். போன மாதம் சந்திரிகாவின் சுதந்திரக் கட்சியும் இடதுசாரி ஜே.வி.பி.யும் கூட்டுச் சேரக் கையெழுத்து வைத்தபோதே தெரிந்த விசயம். அவர்களின் கதிரைச் சின்னமும் மணிச் சின்னமும் சேர்ந்து வெற்றிலையாகி வருகின்றன.

01.03.2004, திங்கள்

புலிகள் ஆதரிக்கிற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு இந்தமுறை உதயசூரியன் சின்னம் இல்லை. தமிழர் விடுதலைக் கூட்டணிக்குள் நடந்த இழுபறியில் சின்னம் சிக்கிக்கொண்டது. அதனால் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். நோட்டீஸ் ஓடர் வந்தது, ஆனால் கையில் வீட்டுச் சின்னம் அடிக்கிற புளொக் இல்லை.

ஐயா ஒன்றும் பேசாமல் பின்னறைக்குப் போனார். 95இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது ஈய எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அடி லாச்சியில் பழைய ஈழநாடு பேப்பரில் சுற்றினபடி ஒரு புளொக் கிடந்திருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மை பூசி, ஒரு புரூவ் எடுத்தார். ஓட்டுக் கூரை தெளிவாக விழுந்தது. கதவுப் பக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

77இலிருந்து சூரியனுக்கே புள்ளடி போட்ட அம்மாவுக்குப் புதுச்சின்னம் பழக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். புரூவைக் கையில் வாங்கிப் பார்த்தார். “இது செல்வநாயகத்தாற்றை வீடெல்லே,” என்றார்.

05.03.2004, வெள்ளி

புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்துவிட்டார் என்று செய்தி. கடைக்கு வந்தவர்கள் பேப்பரை வாசித்துவிட்டு மடித்து வைத்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பின்னேரம் ஒருவர் வந்தார், ஐயாவுக்குத் தெரிந்தவர். சுயேச்சைக் குழு ஒன்றுக்கு ஆயிரம் நோட்டீஸ் அடிக்கேலுமோ என்று மெல்லக் கேட்டார்.

“மெசின் பழுது, அண்ணை.”

உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. “சரி தம்பி,” என்று சைக்கிளை எடுத்தார்.

தெற்கில் ஒப்பந்தம் கிழிக்கிறவர்களைப் பற்றி நவம்பரில் எவ்வளவு எழுதினேன்! இன்று அடிக்காமல் விட்ட ஒரு நோட்டீசைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. சமாதான காலம் என்கிறார்கள். நான் பயந்த பயம் என்னவோ சண்டைக்காலத்துப் பயம்தான்.

04.04.2004, ஞாயிறு

தேர்தல் முடிவு வந்தது: வெற்றிலை 105 இடம், ஐ.தே.க.வின் யானை 82, வீடு 22, பிக்குமாரின் ஹெல உறுமய 9. வெற்றிலையின் 105இல் ஜே.வி.பி. மட்டும் 39. போன தேர்தலில் அவர்களுக்கு 16தான். பேச்சுவார்த்தையைத் திட்டித் திட்டியே வளர்ந்த கணக்கு அது. யாழ்ப்பாணத்தில் ஒன்பதில் எட்டு வீட்டுக்கு, ஒன்று ஈ.பி.டி.பி.யின் வீணைக்கு. வெடி கொளுத்தினார்கள். எனக்கு அச்சுக்கூலியில் பாதி இன்னும் வரவில்லை.

23.04.2004, வெள்ளி

நேற்றுச் சபாநாயகர் தேர்வு. பாராளுமன்றத்துக்குள் தள்ளுமுள்ளு. கடைசியில் 110க்கு 109, ஒரே ஒரு வாக்கில் ஐ.தே.க.வின் லொக்குபண்டார வென்றார். எங்கட ஆக்களும் அவருக்குத்தான் போட்டார்கள். வரைபைக் கொளுத்தின கட்சிக்கு என்று ஐயா சிரித்தார். புளொக்கைத் துடைத்து, எண்ணெய் பூசி, அதே ஈழநாடு பேப்பரில் சுற்றி லாச்சியில் வைத்தார்.

பத்து மணிபோல அந்தச் சைக்கிள்காரர் மறுபடி வந்தார். மகளுக்குக் கலியாணமாம், இருநூறு அழைப்பிதழ் வேணுமாம். மஞ்சள் அட்டையைத் தடவிப் பார்த்தபடி கேட்டார்:

“மெசின் திருத்தியாச்சோ, தம்பி?”

“ஓம் அண்ணை,” என்றேன். முற்பணம் வாங்கவில்லை.