குற்றவாளியின் மூளை என்ற சாக்கு

ஜேம்ஸ் வேல் இயக்கி 1931இல் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். கதை தொடங்குவதற்கு முன்பே ஒருவர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து, இதைத் தாங்கும் மனத்திடம் இல்லாதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம் என்ற தோரணையில் எச்சரிக்கிறார். இன்று அது புன்னகையைத்தான் வரவழைக்கிறது. போதாக்குறைக்கு, வெட்டவெளி என்று காட்டப்படும் இடங்களில் வானமாகத் தொங்கவிடப்பட்ட துணியின் சுருக்கங்கள்கூடத் தெரிகின்றன. பயம் என்று பார்த்தால், படத்தில் இப்போது பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் பயம் விலகியதால் வேறொன்று துலக்கமாகத் தெரிந்தது. பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உருவாக்கிய ஓர் உடலுக்கு உயிரூட்ட முனைகிறான் ஹென்றி ஃபிராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி. அதற்கு மூளை திருட மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் அவனுடைய உதவியாளன் ஃபிரிட்ஸ் நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, ஒரு குற்றவாளியின் மூளையை எடுத்து வருகிறான். பின்னால் நடக்கும் எல்லாக் கொடுமைகளுக்கும் அதுவே காரணம் என்று படம் நம்மை நம்பவைக்கப் பார்க்கிறது. 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் நாவலில் இந்த மூளை மாற்றம் கிடையாது. அது திரைக்கதைக்காகச் சேர்க்கப்பட்டது. அந்தக் காரணத்தைப் பொய்யாக்குவது, உயிர்பெற்ற உருவமாக வரும் போரிஸ் கார்லாஃபின் நடிப்புதான்.

கூரைச் சாளரம் திறந்து வெளிச்சம் முகத்தில் விழும் காட்சியைக் கவனியுங்கள். இதுவரை ஒளியையே கண்டிராத அந்த உருவம் அண்ணாந்து பார்த்து, இரு கைகளையும் உயர்த்தி அதைப் பிடிக்க முயல்கிறது. சாளரம் மூடப்பட்டதும் அதே கைகள் படைத்தவனை நோக்கி ஏந்தி நீள்கின்றன. ஜாக் பியர்ஸின் ஒப்பனை இமைகளைப் பாதி மூடியிருப்பதால், கண்கள் சொல்ல வேண்டியதை விரல்களே சொல்கின்றன. சற்று நேரத்தில் ஃபிரிட்ஸ் தீப்பந்தத்துடன் நுழைகிறான். நெருப்பைக் கண்டு மிரண்டதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு, அதைச் சங்கிலியால் பிணைக்கிறார்கள். பிறகு சாட்டையும் தீப்பந்தமுமாக வதைத்த ஃபிரிட்ஸ் கொல்லப்படுகிறான். அந்த உருவத்தை அறுத்துப் பிரிக்க முனைந்த, ஹென்றியின் பழைய பேராசிரியரும் அவ்வாறே. இதற்குக் குற்றவாளியின் மூளை எதற்கு? யாராக இருந்தாலும் திருப்பித் தாக்கத்தான் செய்வார்கள்.

ஏரிக்கரைக் காட்சி இதற்கு மேலும் வலுச்சேர்க்கிறது. சிறுமி மரியாவோடு சேர்ந்து பூக்களை நீரில் மிதக்கவிடும் அது, கையிலிருந்த பூக்கள் தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று எண்ணித் தூக்கிப் போடுகிறது. அவள் மூழ்கியதும் செய்வதறியாமல் தடுமாறுகிறது. தணிக்கைக் கத்திரி பட்ட பிரதிகளில், அவளை நோக்கிக் கைகள் நீளும் இடத்தோடு காட்சி முடிந்து, அடுத்துத் தந்தை சடலத்தைச் சுமந்து வருவதே வந்தது. இடையில் நடந்ததைப் பார்வையாளர் எவ்வளவு விகாரமாக வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம். விடுபட்ட பகுதி 1980களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. அதுவரை பல தலைமுறைகள் பார்த்தது, அறியாமல் செய்த பிழை கொடூரக் குற்றமாகத் திரிந்த ஒரு படத்தை.

பலவீனம் முடிவில் இருக்கிறது. காற்றாலையோடு அந்த உருவம் எரிந்த பிறகு, இவ்வளவுக்கும் காரணமான ஹென்றி பிழைத்துக்கொள்கிறான். அவனுடைய தந்தை மது அருந்தி வாரிசுக்கு வாழ்த்துச் சொல்கிறார். பணிப்பெண்கள் சிரிக்கிறார்கள். படைத்தவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் படம் முடிந்துவிடுவது, துணி வானத்தைவிட எனக்கு உறுத்தலாக இருந்தது.